வால்நட் கட்டையா, சிந்தெட்டிக் ஸ்டாக்கா: பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன்னில் எது அதிக நாள் உழைக்கும்?

ஏரிக்கரையான் (மினசோட்டா)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கோங்க.

என்கிட்ட இருக்கறது 1970களில் செஞ்ச ரெமிங்டன் 870 விங்மாஸ்டர், முன்கட்டையை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா மாத்தற பம்ப் ஷாட்கன், 12 கேஜ் (குழல் அளவு), தோள்ல ஊன்றற கட்டை, அதாவது ஸ்டாக், வால்நட் மரம். பக்கத்து வீட்டுப் பெரியவர் கண் மங்கி வேட்டையை விட்டப்போ, முறைப்படி பேப்பர் வேலையெல்லாம் முடிச்சு எனக்குக் கொடுத்தது. விடியக்காலம் நாலு மணிக்குப் படகை இறக்கறதுல இருந்து சம்பங்கோரைக்குள்ள அசையாம உட்கார்றது வரைக்கும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அதனால இது எனக்கு வெறும் சாமான் இல்லை.

போன சீசன் முழுக்க மழை. கடைசி வாரம் வீட்டுக்கு வந்து துடைக்கும்போது பார்த்தேன்: ரிசீவர் (சுடற இயந்திரம் இருக்கற உலோகக் கூடு) முடியற இடத்துக்குப் பின்னால, கை பிடிக்கிற கழுத்துப் பகுதியில, மேல்பக்கம் தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. பூச்சுல விழுந்த கீறல்னு நினைச்சேன். நகத்தை வச்சு இழுத்தா தட்டுது. அளந்தா ஒன்றரை இன்ச்சுக்குக் கொஞ்சம் கம்மி.

ஊர்ல ஒரு கடையில காட்டினேன். கழட்டிக்கூடப் பார்க்கலை. "மரமெல்லாம் அந்தக் காலம், சிந்தெட்டிக் ஒண்ணு மாட்டிக்கோங்க"னு ஒரே வரியில அனுப்பிட்டாங்க. மனசு கேட்கலை.

ஈரத்துலயும் குளிர்லயும் உண்மையிலேயே சிந்தெட்டிக்தான் அதிக நாள் உழைக்குமா? இந்த விரிசலைச் சரி பண்ண முடியுமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

வளைகுடாவாசி (டெக்சஸ்)

நண்பரே, கடைக்காரர் சொன்ன விதம் தப்பா இருக்கலாம், சொன்ன விஷயம் சரி.

கால்வெஸ்டன் பக்கத்து உப்புச் சதுப்புல 14 வருஷமா மாஸ்பெர்க் 500 வச்சிருக்கேன். அலுமினிய ரிசீவர், கறுப்பு சிந்தெட்டிக் ஸ்டாக். படகோட அடியில உப்புத் தண்ணிக்குள்ள மணிக்கணக்குல கிடந்திருக்கு. சேத்துல விழுந்திருக்கு. ஆகஸ்ட் வெயில்ல கார் டிக்கிக்குள்ள வெந்திருக்கு. ஸ்டாக்குல கீறல் ஏகப்பட்டது, விரிசல்னு ஒண்ணுகூட இல்லை. வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துக் குழாயில நல்ல தண்ணி அடிச்சு, துணியில துடைச்சு வைக்கிறதோட சரி. மரக் கட்டையா இருந்திருந்தா ரெண்டாவது வருஷமே பூச்சு உரிஞ்சிருக்கும்.

அந்த வால்நட்டைக் கழட்டிப் பத்திரமா வைங்க. சதுப்புக்கு சிந்தெட்டிக் எடுத்துட்டுப் போங்க. இதுல யோசிக்க ஒண்ணுமில்லை.

உளிச்சத்தம் (ஒண்டாரியோ)

யோசிக்க நிறைய இருக்கு.

எங்கப்பா தச்சு வேலைக்காரர். கும்பகோணத்துக்குப் பக்கம் நிலை, கதவு, கட்டில்னு வாழ்நாள் முழுக்க மரத்தோடவே இருந்தவர். நான் இங்க வந்த பிறகு அந்தக் கையோட பழக்கத்துல துப்பாக்கிக் கட்டைகளைச் சரி பண்ண ஆரம்பிச்சு, இப்போ தெரிஞ்சவங்களுக்கெல்லாம் செஞ்சு கொடுக்கறேன். நான் பார்த்த வரைக்கும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருது: மரக் கட்டை மழையால சாகறது அபூர்வம். எண்ணெயாலயும், கட்டையை ரிசீவரோட இறுக்கற போல்ட் தளர்றதாலயும்தான் சாகுது.

எப்படின்னு சொல்றேன். துப்பாக்கியை நாம பீரோவுல குழல் மேல பார்த்த மாதிரி நிறுத்தி வைக்கிறோம். துருப்பிடிக்கக் கூடாதேன்னு ரிசீவருக்குள்ள எண்ணெயைத் தாராளமா விடுறோம். அந்த எண்ணெய் எங்க போகும்? கீழ இறங்கி, ரிசீவர் வந்து உட்கார்ற கட்டையோட முகத்துல தேங்கும். அது வெட்டுமுகம். மரத்தோட நார்க் குழாய்கள் எல்லாம் வாயைத் திறந்துகிட்டு நிக்கிற இடம். கட்டையோட வெளிப்பக்கம் பளபளன்னு பூச்சு இருக்கும், ஆனா உள்ள பெரும்பாலும் ஒரு கோட்டிங்கூட இருக்காது. எண்ணெயை உறிஞ்சி உறிஞ்சி அந்த முகம் கறுத்து, மெத்துன்னு ஆகிடும்.

இப்போ சுடுறீங்க. உதை முழுக்க அந்த முகத்து வழியாத்தான் தோளுக்கு வருது. மெத்துன்னு ஆன நார் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நசுங்கும். நசுங்கினா போல்ட் தளரும். போல்ட் தளர்ந்தா ரிசீவர் கட்டையை அழுத்தறதுக்குப் பதிலா சுத்தியல் மாதிரி அடிக்கும். அந்த அடிதான் கழுத்தைப் பிளக்குது. கழுத்துல நார் நேரா ஓடாம சாய்வா வெளியே போயிருந்தா இன்னும் சீக்கிரம்.

அப்பா கதவு மாட்டறதுக்கு முன்னாடி, அதோட அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் வார்னிஷ் ரெண்டு கை அடிப்பார். "யாரும் பார்க்காத இடத்துக்கு முதல்ல பூசு"ன்னு சொல்வார். துப்பாக்கி செய்யற கம்பெனிகள்ல பாதிக்கு அந்தப் பழக்கம் இருந்திருந்தா இந்த விவாதமே தேவைப்பட்டிருக்காது.

ஏரிக்கரையான் தம்பி, இனி அந்த விரிசலோட ஒரு தோட்டாகூடச் சுடாதீங்க. துப்பாக்கி காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பார்த்துட்டு, பின்னாடி ரப்பர் பேடைக் கழட்டி, நீளமான அகலவாய் ஸ்க்ரூடிரைவரை உள்ள விட்டு போல்ட் எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு முதல்ல பாருங்க. அப்புறம் கட்டையை உருவி, அந்த முகத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க. கறுப்பா இருக்கும்னு நினைக்கறேன்.

பனிப்புல்வெளி (ஆல்பர்ட்டா)

உளிச்சத்தம் அண்ணா சொல்றது சரிதான், ஆனா ராணுவமே மரத்தைக் கைவிட்டதை மறந்துடக் கூடாது. வியட்நாம்ல எம்14 ரைஃபிளோட வால்நட் கட்டைகள் காட்டு ஈரத்துல ஊதி, குறி மாறிப் போச்சு. அதனாலதான் கண்ணாடி இழைக் கட்டைக்கு மாறினாங்க. மரீன் படையோட எம்40 ஸ்னைப்பர் ரைஃபிளுக்கும் அதே கதைதான். வால்நட் முறுக்கிக்கிட்டதால, எம்40ஏ1 வந்தப்போ மக்மிலன் கம்பெனியோட ஃபைபர்கிளாஸ் ஸ்டாக் போட்டாங்க. போர்க்களத்துல தேறாத மரம் ஏரியில தேறுமா?

களிமண்புறா (பென்சில்வேனியா)

பனிப்புல்வெளி, நீங்க சொன்ன சரித்திரம் சரி. ஆனா அது ரைஃபிளோட சரித்திரம், பம்ப் ஷாட்கன்னுக்குப் பொருந்தாது.

எம்14, எம்40 மாதிரி ரைஃபிள்கள்ல ஒரே நீளக் கட்டை, அதுக்குள்ளதான் இயந்திரமும் குழலும் படுத்திருக்கு. கட்டை ஊதினா குழலை ஒரு பக்கமாத் தள்ளும், குண்டு வேற இடத்துல போய் விழும். பம்ப்ல கட்டை ரெண்டு துண்டு. பின்கட்டை ரிசீவருக்குப் பின்னால ஒரே போல்ட்ல நிக்குது. முன்கட்டை, தோட்டா அடுக்கற மேகசின் குழாய்மேல ஓடுது. ரெண்டும் குழலைத் தொடறதே இல்லை. பின்கட்டை ஒரு நூல் ஊதினாலும் குறி மாறாது. அதனாலதான் முதல் உலகப் போர்ப் பதுங்குகுழிகள்ல இருந்த வின்செஸ்டர் 1897ல இருந்து, மரீன் படை 1966ல எடுத்த 870 வரைக்கும் பம்ப் துப்பாக்கிகள் மரக் கட்டையோடவே போருக்குப் போச்சு.

நான் ட்ராப் (மேல பறக்கற களிமண் தட்டைச் சுடற போட்டி) சுடறவ. வருஷத்துக்குச் சில ஆயிரம் தோட்டா. என் பார்வையில உழைப்புங்கறது கட்டைக்கு மட்டும் இல்லை, தோளுக்கும்தான். 7 பவுண்டு துப்பாக்கி, கட்டை மாத்தினதால 6.5 பவுண்டு ஆனா, அதே தோட்டாவுக்கு உதையோட ஆற்றல் கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடும். ஒருநாள் நாலு வாத்துக்குச் சுடறவருக்கு இது தெரியாது. நூறு களிமண் தட்டு சுட்டுட்டு வீட்டுக்குப் போறவளுக்கு மறுநாள் காலையில தெரியும். உள்ளே வெறும் கூடா இருக்கற ஸ்டாக்குனா எடை முன்னாடி சாயும், துப்பாக்கியை வீசித் திருப்பற விதமும் மாறும்.

இன்னொண்ணு பெண்களுக்கு. கடையில வர்ற ஸ்டாக்குல ட்ரிக்கர்ல இருந்து பேட் வரைக்கும் சுமார் 14 இன்ச் இருக்கும். எனக்கு அது நீளம். என் பழைய பிர்ச் மரக் கட்டையை முக்கால் இன்ச் அறுத்து, புது பேட் ஒட்டி, இழைச்சு வாங்கினேன். கூடு மாதிரி வார்த்த பிளாஸ்டிக்கை அப்படி அறுக்க முடியாது, அறுத்தா பேட் திருக ஆதாரம் போயிடும். ஆனா மேக்பூல் எஸ்ஜிஏ மாதிரி இடைத்தகடு வச்சு நீளத்தைக் கூட்டிக் குறைக்கற சிந்தெட்டிக் ஸ்டாக் இப்ப இருக்கு. வளர்ற பிள்ளைக்கு வாங்கறவங்களுக்கு அது நல்ல வழி.

பனிப்புல்வெளி (ஆல்பர்ட்டா)

அக்கா, ரெண்டு துண்டுங்கற விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. ஒத்துக்கறேன். என் கவலை குளிர். இங்க நவம்பர் கடைசியில மைனஸ் 25 சாதாரணம். சிந்தெட்டிக் உடையுமா?

மூலக்கூறு (ஒஹாயோ)

இதுக்குத்தான் காத்திருந்தேன். பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கற துறையில 20 வருஷமா இருக்கேன்.

முதல்ல, 'சிந்தெட்டிக்'னு ஒரே வார்த்தையில நாம சொல்றது ஒரே பொருள் இல்லை. கண்ணாடி இழை கலந்த நைலான் ஒண்ணு. பாலிப்ரொப்பிலீன் மாதிரி மலிவான பிளாஸ்டிக் இன்னொண்ணு. எபாக்ஸிப் பசையில கண்ணாடித் துணியைக் கையால அடுக்கிச் செய்யற ஃபைபர்கிளாஸ் மூணாவது; இது பெரும்பாலும் ரைஃபிளுக்குத்தான், விலையும் அதிகம். முதல் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒரே கறுப்பு, ஒரே சொரசொரப்பு. குளிர்லதான் வேஷம் கலையும்.

சாதாரண பாலிப்ரொப்பிலீன் 0 டிகிரிக்குப் பக்கத்துலயே விறைக்க ஆரம்பிக்கும். ரப்பர் கலந்து அதைத் தாமதப்படுத்தலாம், ஆனா மைனஸ் 25ல அந்த ஸ்டாக்கை டிரக்கோட இரும்பு விளிம்புல தவற விட்டா நான் பக்கத்துல நின்னு உத்தரவாதம் கொடுக்க மாட்டேன். கண்ணாடி இழை நைலான் அந்தக் குளிரைத் தாங்கும். சில ஸ்டாக்குகள்ல பேடைக் கழட்டினா உள்பக்கம் எழுத்து அச்சாகி இருக்கும். பி.ஏ. என்று இருந்தா நைலான், பி.பி. என்று இருந்தா பாலிப்ரொப்பிலீன். வாங்கறதுக்கு முன்னாடி பாருங்க.

நைலான் துப்பாக்கிக்கு வந்த கதை தெரிஞ்சுக்க வேண்டிய ஒண்ணு. ரெமிங்டன் 1933ல இருந்து 1993 வரைக்கும் டூபாண்ட் ரசாயனக் கம்பெனி கைல இருந்தது. நைலானைக் கண்டுபிடிச்சதே டூபாண்ட்தான். 1959ல அவங்க ஸைடெல்ங்கற நைலான்ல கட்டையும் ரிசீவர் உடலும் சேர்த்து வார்த்து, நைலான் 66 என்ற .22 ரைஃபிளை விட்டாங்க. 'பிளாஸ்டிக் துப்பாக்கி'யை யார் நம்புவா? டாம் ஃப்ரை என்ற ரெமிங்டன் விற்பனையாளர், மேல எறிஞ்ச 1,00,010 மரத்துண்டுகளைச் சுட்டார், தவறினது 6. அதுக்குப் பிறகு அந்த ரைஃபிள் பத்து லட்சத்துக்கு மேல வித்தது. ஈரம், வெயில், எண்ணெய்னு எதுக்கும் அசையாதுங்கற பேரை நைலான் அங்கதான் வாங்கிச்சு.

ஆனா ஒண்ணைத் தெளிவாச் சொல்லணும். நைலானும் தண்ணி குடிக்கும். கலப்பில்லாத நைலான் 66 (ரைஃபிள் இல்லை, அதே பேர்ல இருக்கற பிளாஸ்டிக் வகை), முழுக்க ஊறினா தன் எடையில 8.5 சதவீதம் வரை உறிஞ்சும். கண்ணாடி இழை கலந்ததுல அளவு குறையும். மரத்துக்கு நேர்மாறா, கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் நைலான் வலுவா வளையும். காய்ஞ்சு போன நைலான்தான் சடக்குன்னு உடையும். ஷாட்கன் ஸ்டாக் அளவுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. 'பிளாஸ்டிக் ஈரத்தைத் தொடாது'ங்கற பேச்சு மட்டும் சரியில்லை.

வெயில் விஷயம்: கறுப்பு நிறத்துக்குக் காரணமான கார்பன் பொடியே புற ஊதாக் கதிரைத் தடுக்கற மருந்து. அதனால அடிக்கற வெயில்ல கறுப்பு ஸ்டாக் அதிகம் தாங்கும். கொசு மருந்து விஷயம்: டீட் கலந்த மருந்தைக் கைல தடவிட்டுத் துப்பாக்கியைப் பிடிச்சா ஏபிஎஸ், பாலிகார்பனேட் மாதிரி பிளாஸ்டிக் இளகும், மரத்துமேல இருக்கற லேக்கர் பூச்சும் பிசுபிசுக்கும். நைலானுக்கு ஒண்ணும் ஆகாது. மினசோட்டாக்காரர் இதைக் கவனிக்கணும். ஸ்டாக்குமேல ரப்பர் போர்வை இருக்கற வகை கைக்குச் சுகம், ஆனா அந்த ரப்பர்தான் முதல்ல கிழவனாகும். பல வருஷம் வியர்வையும் எண்ணெயும் பட்டா ஒட்ட ஆரம்பிக்கும், அப்புறம் அதைச் சுத்தம் பண்ண வழியே கிடையாது.

வளைகுடாவாசி (டெக்சஸ்)

மூலக்கூறு சார் எழுதினதைப் படிச்சதும் எழுந்து போய் என் மாஸ்பெர்க்கோட பேடைக் கழட்டினேன். 14 வருஷத்துல முதல் தடவை. என்ன பார்த்தேன்னு மறைக்காம எழுதறேன்.

உள்ள கூடு. அடியில ஒரு ஸ்பூன் அளவுக்கு மண்ணும் உப்பும் கலந்த கசடு, இறுகிப் போய். அதுக்கு மேல ஸ்டாக் போல்ட்டோட தலை, தவிட்டு நிறத் துரு பொரிஞ்சு கிடக்கு. ஸ்க்ரூடிரைவர் வாய் உட்கார்ற காடி பாதி தின்னு போயிருக்கு. வெளியே ஒரு குறையும் இல்லாத ஸ்டாக். குழாய்த் தண்ணியில கழுவினேன் கழுவினேன்னு சொன்னேனே, அந்தத் தண்ணியும் பேடோட இடுக்கு வழியா உள்ள போய் அங்கயே நின்னிருக்கு.

துரு இளக்கற எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற வச்சு, மறுநாள் ரொம்ப மெதுவாத் திருப்பி எடுத்தேன். புது போல்ட் வாங்கிப் போட்டாச்சு, மரைக்கு கிரீஸ் தடவியாச்சு. இனிமே சீசனுக்கு ரெண்டு தடவை பேடைத் திறந்து, குப்புறக் கவிழ்த்து உலர விடப் போறேன். யோசிக்க ஒண்ணுமில்லைன்னு எழுதினதைத் திரும்ப வாங்கிக்கறேன்.

ஏரிக்கரையான் (மினசோட்டா)

உளிச்சத்தம் அண்ணா, நீங்க சொன்னபடியே செஞ்சேன். போட்டோ மேல இருக்கு, அதுல தெரியாததை எழுதறேன்.

போல்ட் கையால திருகின அளவுக்குத்தான் இருந்தது. ஸ்க்ரூடிரைவரை வச்சதும் எதிர்ப்பே இல்லாம ஒன்றரைச் சுத்து சுத்திச்சு. கட்டையை உருவினா, ரிசீவருக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்கற மெல்லிய தகடு எண்ணெயில ஒட்டிக்கிட்டு வந்துச்சு. வெட்டுமுகம் தார் பூசின மாதிரி கறுப்பு. டிஷ்யூ பேப்பரை வச்சு அழுத்தினா மஞ்சளா எண்ணெய் ஏறுது. நகத்தால அழுத்தினா தடம் விழுது. ஓர் இன்ச் தள்ளி வெளிப்பக்கத்துல அதே மரம் நகத்துக்கு அசையலை. விரிசல் மேல மட்டும் இல்லை, உள்பக்கம் போல்ட் துளை வரைக்கும் இறங்கியிருக்கு.

எனக்கு ஒரு சந்தேகம். இங்க குளிர்காலத்துல வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடி காத்து பாலைவனம் மாதிரி காய்ஞ்சிடும். மரம் சுருங்கினதால போல்ட் தளர்ந்திருக்குமா?

உளிச்சத்தம் (ஒண்டாரியோ)

அருமையாப் பார்த்திருக்கீங்க தம்பி. நகத்தடம் விழுதுன்னு சொன்னதே போதும்.

சந்தேகத்துக்குப் பதில்: அது முக்கியக் காரணம் இல்லை. மரம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது. கறுப்பு வால்நட் பச்சை மரத்துல இருந்து அடுப்புல முழுக்கக் காயற வரைக்கும், வளையத்தோட போக்குல சுமார் 7.8 சதவீதமும், நடுவுல இருந்து பட்டைப் பக்கமா 5.5 சதவீதமும் சுருங்கும். நாரோட நீளவாக்குல கிட்டத்தட்ட ஒண்ணுமே சுருங்காது. ஸ்டாக் போல்ட் நார் ஓடற திசையிலதான் இறுக்குது. அதனால ஹீட்டர் காத்து மட்டும் ஒன்றரைச் சுத்து தளர்த்த முடியாது. எண்ணெயில மெத்துன்னு ஆன முகம் உதையில நசுங்கினதுதான் கணக்கு. ஹீட்டர் செஞ்ச கெடுதல், ஆரம்பிச்ச விரிசலை அகலமாக்கினது.

இது சரியாகும். அவசரப்படாம செய்யணும்.

முதல் வேலை எண்ணெயை வெளியேத்தறது. எண்ணெய் இருக்கற மரத்துல எந்தப் பசையும் பிடிக்காது. சாக்பீஸ் பொடியை அசிட்டோன்ல குழைச்சு அந்த முகத்துல அப்பம் மாதிரி அப்புங்க. காய்ஞ்சதும் பொடி பழுப்பாகியிருக்கும். தட்டிட்டு மறுபடி அப்புங்க. பொடி வெள்ளையாவே காயற வரைக்கும். எட்டுப் பத்துத் தடவைகூட ஆகலாம். வீட்டுக்குள்ள வேண்டாம். திறந்த வெளியில செய்யுங்க, பக்கத்துல நெருப்பு, ஹீட்டர், சிகரெட் எதுவும் இருக்கக் கூடாது. வெளிப்பூச்சுமேல அசிட்டோன் பட்டா பூச்சு போயிடும், டேப் ஒட்டிக்கோங்க.

அப்புறம் மெதுவாக் காயற எபாக்ஸி. அஞ்சு நிமிஷப் பசை வேண்டவே வேண்டாம், அது உள்ள இறங்கறதுக்குள்ள கட்டியாகிடும். கழுத்தை லேசா முறுக்கி விரிசலை வாய் திறக்க வச்சு, ஹேர் டிரையர்ல மரத்தைக் கொஞ்சம் சூடாக்கிட்டு, ஊசி வழியா எபாக்ஸியைச் செலுத்துங்க. சூட்டுல அது தண்ணி மாதிரி இளகும், மரம் ஆறும்போது தானே உள்ள இழுத்துக்கும். போல்ட் துளைக்குள்ள பசை தெரியற வரைக்கும் விடுங்க. வெளியே வழிஞ்சதைத் துடைச்சுட்டு, பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்குல வெட்டி, இழுத்து இழுத்துச் சுத்திக் கட்டுங்க. எந்தக் கிளாம்பும் அந்த வளைவுல அப்படி அழுத்தாது. ரெண்டு நாள் தொடாதீங்க.

கடைசியா, அந்த முகம் முழுக்கவும் போல்ட் துளைக்குள்ளயும் மெல்லிசா எபாக்ஸி தடவி அடைச்சிடுங்க. இனி எண்ணெயோ தண்ணியோ நார் வாயில நுழையக் கூடாது. தகட்டை வச்சு மாட்டி, போல்ட்டை நல்லா இறுக்குங்க. ஐம்பது தோட்டா சுட்டதும் மறுபடி இறுக்கிப் பாருங்க. பீரோவுல குழல் கீழ பார்த்த மாதிரி, ஒரு ஃபோம் துண்டுமேல நிறுத்துங்க.

எனக்கு மரத்துமேல பிடிப்பு இருக்குன்னு தெரியும், அதை ஒதுக்கி வச்சுட்டே சொல்றேன். நைலான் கட்டை என் கைக்கு உடைஞ்சு வந்தது ரொம்பக் கம்மி. ஆனா வந்ததுல ஒண்ணைக்கூட என்னால ஒட்டிக் கொடுக்க முடிஞ்சதில்லை. மரம் அதைவிட அடிக்கடி வரும், பெரும்பாலும் திரும்பிப் போகும்.

மூலக்கூறு (ஒஹாயோ)

கடைசி வரி உண்மை. கண்ணாடி இழை நைலானை ஒட்டறது எங்க துறையிலயே தலைவலி. கழுத்துல உடைஞ்சா மாத்த வேண்டியதுதான். மாத்தவும் முடியாத ஒரு வகை இருக்கு. 1999ல வந்த பெனெல்லி நோவாவுல இரும்புக் கூட்டுமேல ரிசீவரும் பின்கட்டையும் ஒரே பாலிமர் உடலா வார்த்திருக்காங்க. சேத்துக்கும் மழைக்கும் அதைவிடத் தோதான பம்ப் அபூர்வம். போல்ட் தளர்றதுங்கற பேச்சே இல்லை. ஆனா வேற கட்டை மாட்டற வழியும் அங்க இல்லை.

களிமண்புறா (பென்சில்வேனியா)

எல்லாரும் பின்கட்டையையே பேசறோம். பம்ப்ல அதிகமா வேலை செய்யறது முன்கட்டைதானே? ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு தடவை பின்னால, ஒரு தடவை முன்னால.

870ல முன்கட்டைக்குள்ள ஒரு குழாய் போகுது, முன்பக்கம் ரெண்டு வெட்டு இருக்கற நட் அதைப் பிடிச்சிருக்கு. அந்த நட் தளர்ந்தா கட்டை குழாய்மேல முன்னும் பின்னும் ஆடி அடி வாங்கும். அங்க மரம் ரொம்ப மெல்லிசு, அதனால நீளவாக்குல பிளக்கும். என் முதல் 870 அப்படித்தான் போச்சு. பின்கட்டை இன்னும் நல்லா இருக்கு. முன்கட்டையை மட்டும் சிந்தெட்டிக்கா மாத்திட்டேன். பார்க்க ஒட்டாத ஜோடி, ஆனா பல ஆயிரம் தோட்டா ஆச்சு, அசையலை.

மாத்த நினைக்கறவங்க அந்தக் குழாயோட நீளத்தை முதல்ல அளங்க. 870ல ரெண்டு நீளம் உண்டு. அளக்காம வாங்கினா கட்டை முழுசா இறுகாது. மாஸ்பெர்க்காரங்களுக்கும் ஒண்ணு: உங்க சேஃப்டி (தவறிச் சுடாம இருக்கறதுக்கான பூட்டு) ரிசீவர் தலையில இருக்கு, நிமிர்ந்த பிடி வச்ச ஸ்டாக் மாட்டினா கட்டைவிரலுக்கு எட்டாது. சுடுற இடத்துல அது சின்ன விஷயம் இல்லை.

பனிப்புல்வெளி (ஆல்பர்ட்டா)

என் ஸ்டாக்கைத் திறந்து பார்த்தேன் மூலக்கூறு சார். பி.ஏ.ன்னு இருக்கு. நிம்மதி. போல்ட் கால் சுத்து தளர்ந்திருந்தது, இறுக்கிட்டேன்.

ஏரிக்கரையான் (மினசோட்டா)

ரொம்ப நாள் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். சீசன் திறந்தாச்சு.

சாக்பீஸ் பொடி பதினோரு தடவை ஆச்சு. முதல் நாலு தடவை பொடி தேயிலைத் தூள் நிறத்துல வந்துச்சு, பதினொண்ணாவது வெள்ளை. எபாக்ஸி போல்ட் துளைக்குள்ள எட்டிப் பார்த்த நிமிஷம் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். சைக்கிள் ட்யூபைப் பிரிச்சப்போ விரிசல் இருந்த இடத்துல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு மட்டும் மிச்சம். நகம் தட்டலை.

துப்பாக்கியைப் பெரியவர்கிட்ட எடுத்துட்டுப் போனேன். இப்போ அவருக்கு வெளிச்சம், நிழல் தவிர எதுவும் தெரியாது. மடியில வச்சு, ஆக்‌ஷனைத் திறந்து விரலை விட்டுக் காலியான்னு பார்த்தார். அப்புறம் கழுத்துல கட்டைவிரலை ஓட்டினார், ஓட்டினார், சரியா அந்த இடத்துல நிறுத்திட்டார். வெட்டுமுகம் எப்படி இருந்ததுன்னு சொன்னேன். "ஞாயித்துக்கிழமை தவறாம நான்தானே எண்ணெய் விட்டேன், நல்லா இருக்கட்டும்னு"னார். பிறகு எபாக்ஸி எந்த வகை, எத்தனை நாள் காய வச்சேன்னு ஒரு மணி நேரம் விசாரிச்சார்.

திறப்பு நாள்ல மழைதான். இருபத்தியிரண்டு தோட்டா, மூணு மல்லார்ட் வாத்து. வீட்டுக்கு வந்து பேடைத் திறந்து ஸ்க்ரூடிரைவரை வச்சேன், போல்ட் கால் சுத்துகூடப் போகலை. ஐம்பது ஆனதும் மறுபடி பார்க்கறேன் அண்ணா.

ஏரி உறைய ஆரம்பிக்கற கடைசி ரெண்டு வாரத்துக்குன்னு ஒரு நைலான் செட்டும் வாங்கியிருக்கேன், பி.ஏ. எழுத்தைப் பார்த்துத்தான். முன்கட்டைக் குழாயை அளந்துட்டேன். என்னோடது நீளமான வகை. புது முன்கட்டை அதுக்குச் சரியா உட்காருது, ஆனா நட்டை இறுக்கற சாவி என்கிட்ட இல்லை. ரெண்டு வெட்டுக்கும் பொருந்தற சாவி யார்கிட்டயாவது இருந்தா வாய் அகலம் என்னன்னு அளந்து சொல்லுங்க, இங்க ஒரு லேத் பட்டறையில செஞ்சு வாங்கிக்கறேன்.